குற்றவாளி பிடிபடாத வழக்கில் அரசிடம் இழப்பீடு கேட்பது பற்றி

கரையோரம் எழுதியது:

மன்றத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம். என் தம்பியைப் பற்றிய ஒரு கேள்வியை, அவனுடைய சம்மதத்தைப் பெற்ற பிறகே இங்கே வைக்கிறேன்.

பதினான்கு மாதங்களுக்கு முன் இரவு வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அவனை, முன்பின் அறியாத இருவர் வழிமறித்துக் கத்தியால் தாக்கிவிட்டுக் கைப்பேசியைப் பறித்துச் சென்றார்கள். தடுப்பதற்காக நீட்டிய வலக்கையில் தசைநாண்கள் அறுபட்டன. மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்துவிட்டன. ஆனாலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இன்றுவரை முழுதாக மடங்கவில்லை. அவன் தச்சு வேலை செய்பவன் என்பதைச் சொன்னால், இதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு விளங்கும். உளியைப் பிடிக்க முடிகிறது, ஆனால் அழுத்தம் கொடுக்க முடியவில்லை. காவல்துறையினர் பல மாதங்கள் தேடிய பிறகு, தாக்கியவர்களைக் கண்டறிய இயலவில்லை என்று எழுதி வழக்கை முடித்து வைத்துவிட்டார்கள்.

மருத்துவமனையில் பணியாற்றும் சமூகப் பணியாளர் ஒருவர், வன்முறைக் குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு வழங்கும் இழப்பீட்டுக்கான விண்ணப்பப் படிவத்தை எங்களிடம் கொடுத்தார். தம்பி அதை ஒருமுறை வாசித்தான். பிறகு மடித்து அலமாரியில் வைத்துவிட்டான். நான் வற்புறுத்தியபோது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என்னை வெட்டியவன் எங்கேயோ நடமாடிக்கொண்டிருக்கிறான். அவன் செய்ததற்கு அரசாங்கம் எனக்குப் பணம் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது என்றுதானே ஆகும்? என் கைக்கு நானே விலை பேச வேண்டுமா, அக்கா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சம்பவத்துக்கு முன் விண்ணப்பதாரர் எவ்வாறு நடந்துகொண்டார் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அது அவனை இன்னும் புண்படுத்தியிருக்கிறது.

குற்றவாளி யாரென்றே தெரியாத நிலையில் இழப்பீடு கிடைக்குமா என்பதை முதலில் அறிய விரும்புகிறேன். இரண்டாவதாக, இது உரிமையா, உதவியா, அல்லது இரக்கத்தால் தருவதா என்பதையும், இந்தப் பணம் எதை ஈடு செய்வதாகக் கருதப்படுகிறது என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். அவனை வற்புறுத்துவது என் நோக்கமில்லை. அவன் எந்த முடிவை எடுத்தாலும் விவரம் தெரிந்து எடுக்க வேண்டும் என்பதே என் கவலை.


வழக்குரை எழுதியது:

கரையோரம் அவர்களுக்கு வணக்கம். உங்கள் தம்பிக்கு நேர்ந்ததை வாசித்து வருந்தினேன். நான் வழக்கறிஞர், இத்தகைய விண்ணப்பங்களைத் தயாரிப்பதில் பலருக்கு உதவியிருக்கிறேன். நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. இந்த மன்றத்தில் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் எழுதுகிறார்கள் என்பதால், பொதுவாகப் பொருந்தக்கூடியவற்றை முதலில் சொல்லிவிட்டுச் சில நாடுகளின் சட்டங்களை எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

பாதிக்கப்பட்டவருக்குப் பணம் வந்து சேரக்கூடிய வழிகள் மூன்று உண்டு. குற்ற வழக்கில் தண்டனை விதிக்கும் நீதிமன்றமே, குற்றவாளி இவ்வளவு தொகை கொடுக்க வேண்டும் என்று ஆணையிடலாம். பாதிக்கப்பட்டவர் தாமே உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து நட்டஈடு கோரலாம். இந்த இரண்டு வழிகளுக்கும் குற்றவாளியின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், அவரிடம் பணமும் இருக்க வேண்டும். மூன்றாவது வழி, இதற்கென்றே அமைக்கப்பட்ட அரசு நிதியிலிருந்து கோருவது. முதல் இரண்டும் அடைபட்டுப் போகும் உங்கள் தம்பியைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே அந்த மூன்றாவது வழி உருவாக்கப்பட்டது. ஆகவே குற்றவாளி பிடிபடாததை ஒரு தடையாக நினைக்க வேண்டாம்.

இந்தியாவில் 2008ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றவாளியைக் கண்டறிய முடியாமல் போய், ஆனால் பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரிந்து, நீதிமன்ற விசாரணையே நடைபெறாத நிலையிலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருப்பவர்களோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரலாம் என்று அந்தப் பிரிவின் நான்காம் உட்பிரிவு தெளிவாகக் கூறியது. ஆணைக்குழு தன் விசாரணையை இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியும் அதிலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இதே ஏற்பாடு 396ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. பிரிட்டனின் திட்டத்தில், குற்ற வழக்கில் வேண்டப்படும் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் கேட்கப்படுவதில்லை. வன்முறை நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று சான்றுகள் காட்டினால் போதும். 1983இல் ஐரோப்பிய மன்றத்தின் உறுப்பு நாடுகள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையும், குற்றவாளி மீது வழக்குத் தொடர முடியாமலோ தண்டிக்க முடியாமலோ போனாலும் இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என்கிறது.

எதை ஈடு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த உடன்படிக்கை குறைந்த அளவாகக் கணக்கில் எடுப்பவை: இழந்த வருமானம், மருத்துவச் செலவு, மரணம் நேர்ந்திருந்தால் ஈமச் செலவு, இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் இழந்த பராமரிப்பு. இவற்றில் எதுவும் கைக்கு வைக்கும் விலை இல்லை என்பதை உங்கள் தம்பி கவனிக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத நாட்களும், மருத்துவமனையில் கட்டிய பணமும், இனிக் கிடைக்காமல் போகும் கூலியும்தான் அங்கே எண்ணப்படுகின்றன. சில நாடுகள் வலிக்கும் வேதனைக்கும் தனியாக ஒரு தொகை சேர்க்கின்றன. பிரிட்டனில் காயத்தின் வகைக்கு ஏற்ப வரையறுக்கப்பட்ட பட்டியலே உண்டு, அந்தப் பட்டியல் 1,000 பவுண்டில் தொடங்குகிறது, எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு வழங்கக்கூடிய உச்சவரம்பு 500,000 பவுண்டு. பட்டியல் என்ற வடிவம் மனத்துக்கு உகந்ததாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். விரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கலங்காத ஒரு விண்ணப்பதாரரை நான் சந்தித்ததில்லை. ஆயினும் ஒரே மாதிரியான காயம் அடைந்த இருவருக்கு அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்து வெவ்வேறு தொகை கிடைக்காமல் தடுப்பதும் அந்தப் பட்டியல்தான்.

நடத்தை பற்றிய கேள்விக்கு வருகிறேன். அது உங்கள் தம்பியை மட்டும் சந்தேகித்துக் கேட்டது இல்லை. ஏறக்குறைய எல்லா நாடுகளின் படிவங்களிலும் இருக்கிறது. சண்டையைத் தாமே தொடங்கியவருக்குத் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ சட்டம் இடம் தருகிறது, அதற்காகக் கேட்கிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன், அவர்களை முன்பு கண்டதில்லை என்று இரண்டு வரிகளில் உண்மையை எழுதினால் அந்தக் கேள்வி அதோடு முடிந்துவிடும். இந்த விதி சில இடங்களில் வரம்பு மீறிப் போகிறது என்பது என் கருத்து. தாக்குதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத பழைய தண்டனை ஒன்று விண்ணப்பதாரர் மீது இருந்தாலும், அது சட்டப்படி இன்னும் காலாவதியாகவில்லை என்றால் பிரிட்டனில் தொகை குறைக்கப்படலாம், சில வகைத் தண்டனைகளுக்கு அடியோடு மறுக்கப்படலாம். என்றோ செய்த தவறு இன்று பட்ட காயத்தின் ஆழத்தைக் குறைத்துவிடாது என்பதால், இதை நான் நியாயமாகக் கருதவில்லை.

இப்போது மிக அவசரமான செய்தி ஒன்று. ஒவ்வொரு திட்டத்துக்கும் காலக்கெடு உண்டு. வயது வந்தவர்கள் சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பிரிட்டனின் பொது விதி. சில இடங்களில் கெடு இதைவிடக் குறுகியது. பதினான்கு மாதங்கள் கடந்துவிட்டன என்பதால், தம்பி மனத்தை முடிவு செய்வதற்கு முன்பே உங்கள் நாட்டின் கெடு எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் பதிவான முதல் அறிக்கையின் நகல், வழக்கை முடித்து வைத்த கடிதம், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், தாக்குதலுக்கு முந்தைய ஓராண்டு வருமானத்தைக் காட்டும் ஏதாவது ஒரு தாள் ஆகியவற்றைத் திரட்டத் தொடங்கலாம். தச்சு வேலையில் சம்பளச் சீட்டு இருக்காது; வேலை கொடுத்தவர்களிடம் எழுதி வாங்கும் கடிதம் பயன்படும். இவற்றைத் திரட்டுவதால் விண்ணப்பித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் வராது.


பழஞ்சுவடி எழுதியது:

வழக்குரை அவர்கள் நடைமுறையை விளக்கிவிட்டார். யாரோ செய்த குற்றத்துக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்வியை வரலாற்றின் வழியே அணுகிப் பார்க்கிறேன், ஏனென்றால் தம்பியின் தயக்கம் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் கல்லில் பொறிக்கப்பட்ட ஹம்முராபியின் சட்டங்களில், கொள்ளையன் பிடிபடவில்லை என்றால் பறிகொடுத்தவர் தாம் இழந்ததைக் கடவுளின் முன் சொல்ல வேண்டும் என்றும், எந்த ஊரின் எல்லையில் கொள்ளை நடந்ததோ அந்த ஊரும் அதன் ஆளுநரும் அதை ஈடு செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. உயிரே போயிருந்தால் இறந்தவரின் உறவினருக்கு ஒரு மினா (அக்கால எடையளவு) வெள்ளி கொடுக்க வேண்டும் என்கிறது அடுத்த விதி. குற்றவாளி பிடிபடாத இடத்தில்தான் சமூகத்தின் பொறுப்பு தொடங்குகிறது என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

இடைக்கால ஐரோப்பாவில் வேறொன்று நடந்தது. கொன்றவனும் காயப்படுத்தியவனும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நேரடியாக ஈட்டுத்தொகை கொடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. அரசர்களின் அதிகாரம் வளர வளர, குற்றம் என்பது அரசரின் அமைதிக்கு எதிரானது என்று ஆயிற்று. குடும்பத்துக்குப் போய்க்கொண்டிருந்த பணம் அபராதமாக அரசரின் கருவூலத்துக்குப் போகத் தொடங்கியது. அன்றிலிருந்து குற்ற வழக்கு அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையிலான வழக்காகவே நடந்து வருகிறது. காயம் பட்டவர் தம்முடைய வழக்கிலேயே ஒரு சாட்சியாகச் சுருங்கிப் போனார். தனி மனிதர் தாமே பழி தீர்த்துக்கொள்ளும் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொண்ட அரசு, அதற்கு ஈடாக அவரைக் காக்கும் கடமையையும் ஏற்றுக்கொண்டது. அந்தக் கடமை தவறும்போது விளைவில் ஒரு பங்கைச் சுமப்பது நியாயம் என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இன்று நாம் காணும் திட்டங்களுக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் சிறைச் சீர்திருத்தவாதி மார்ஜரி ஃப்ரை. 1951இல் இருவர் தாக்கியதில் பார்வையிழந்த ஒருவரின் நிலையை அவர் 1957இல் எடுத்துக்காட்டினார். பார்வையிழந்தவருக்கு 11,500 பவுண்டு நட்டஈடு தரும்படி தீர்ப்பாகியிருந்தது. ஆனால் தண்டனை முடிந்து வெளியே வந்த இருவரும் ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங் செலுத்தினால் போதும் என்று ஆணை வந்தது. இருவரும் சேர்ந்து கொடுப்பது வாரத்துக்கு அரை பவுண்டு. முழுத் தொகையும் வந்து சேர 442 ஆண்டுகள் ஆகும். நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒருவருக்கு உணவாகவும் மருந்தாகவும் மாற வேண்டுமானால் குற்றவாளியின் சட்டைப்பையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை அந்த ஒரு கணக்கு உணர்த்தியது. ஃப்ரை 1958இல் மறைந்தார். 1963இல் நியூசிலாந்து சட்டம் இயற்றியது. 1964இல் பிரிட்டனும் 1965இல் கலிபோர்னியாவும் தொடர்ந்தன. ஜப்பானில் 1974இல் டோக்கியோவில் ஒரு நிறுவனத்தின் கட்டடத்துக்கு வெளியே நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு எழுந்த கோரிக்கையின் விளைவாக 1980இல் சட்டம் வந்தது.

உரிமையா இரக்கமா என்ற கேள்விக்கு நாடுகள் ஒரே விடை தரவில்லை. பிரிட்டனின் முதல் திட்டம் சட்டத்தின் அடிப்படையில் அமையவில்லை. பொதுமக்களின் அனுதாபத்தை வெளிப்படுத்தும் கொடையாகவே அது விளக்கப்பட்டது. 1995இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. ஜெர்மனி 1976இலேயே இதைச் சட்டப்படியான உரிமையாக வகுத்தது. 2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய ஏற்பாட்டில், கடுமையான மனவன்முறையால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டது. நியூசிலாந்து 1974 முதல் இன்னொரு படி போய், காயம் விபத்தால் வந்ததா குற்றத்தால் வந்ததா என்று பிரிக்காமல், காயப்பட்ட எல்லாரையும் ஒரே காப்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. எனக்கு ஜெர்மனியின் வழி சரியென்று படுகிறது. கொடை என்றால் கொடுப்பவரின் மனநிலைக்குக் காத்திருக்க வேண்டும். உரிமை என்றால், மறுக்கும் அதிகாரி காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார்.


நெடுவழி எழுதியது:

எல்லாரும் ஆதரித்து எழுதும் இடத்தில் ஒரு மாற்றுக் கருத்தைத் தயக்கத்தோடு பதிவு செய்கிறேன். தம்பியின் மீது எனக்கு முழுப் பரிவும் உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்வியில் ஓர் உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். அரசு பணம் கொடுத்துவிட்டால், குற்றவாளியைத் தேட வேண்டும் என்ற முனைப்பு குறைந்துவிடாதா? குற்றம் செய்தவரின் கடனை, எந்தத் தவறும் செய்யாத வரி செலுத்துவோர் ஏன் தீர்க்க வேண்டும்? இழப்பீட்டை அறிவிப்பதையே நீதி வழங்கியதாகக் காட்டிக்கொள்ளும் அரசுகளைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம் என்பதால் கேட்கிறேன்.


வழக்குரை எழுதியது:

நெடுவழி அவர்களின் கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான். அறிவிப்போடு நின்றுவிடும் அரசுகளைப் பற்றிய அவருடைய வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பெரும்பாலான சட்டங்களில், இழப்பீடு பெறுவதால் குற்றவாளியின் கடன் ரத்தாவதில்லை. பணம் கொடுத்த நிதியம் பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று, குற்றவாளி பின்னர் பிடிபட்டால் அவரிடமிருந்து அந்தத் தொகையை வசூலிக்கும் உரிமையைப் பெறுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் வழியாகவும் பணம் கிடைத்தால், ஏற்கெனவே வாங்கியதில் அந்த அளவைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். தேடும் கடமை காவல்துறையினுடையது, கொடுக்கும் கடமை நிதியத்தினுடையது; ஒன்று நிறைவேறியதைக் காரணம் காட்டி மற்றொன்றை நிறுத்த எந்தச் சட்டமும் அனுமதிப்பதில்லை. புதிய தடயம் கிடைத்தால் வழக்கை மீண்டும் விசாரிக்கலாம்.

வரிப்பணம் பற்றி: எல்லா நாடுகளும் வரிப்பணத்தைக் கொண்டு இதை நடத்துவதில்லை. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான கூட்டாட்சி நிதியம், கூட்டாட்சிக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்கள் கட்டும் அபராதங்களைக் கொண்டு நிரம்புகிறது. பிரான்சில் சொத்துக் காப்பீட்டு ஒப்பந்தம் ஒவ்வொன்றின் மீதும் ஒரு சிறு தொகை வசூலிக்கப்பட்டு நிதியத்துக்குச் செல்கிறது. அபராதத்தை நம்பும் முறை கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கும், ஆனால் அதில் ஒரு பலவீனம் உண்டு. பெரிய நிறுவனங்கள் மீதான வழக்குகள் தண்டனையில் முடியாமல், பணம் கட்டி உடன்பாட்டில் முடியும் போக்கு அதிகமானபோது அந்த நிதியம் மெலிந்தது. அத்தகைய உடன்பாடுகளில் வரும் பணமும் நிதியத்துக்கே சேர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அடிபட்டவரின் மருத்துவச் செலவு, எங்கோ நடக்கும் நிறுவன வழக்குகளின் போக்கைச் சார்ந்திருப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

பெயருக்கு ஒரு தொகையை அறிவிப்பதோடு நின்றுவிடும் அரசுகளைப் பற்றிய உங்கள் கவலைக்கு நீதிமன்றம் ஒன்று செவிசாய்த்திருக்கிறது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு 4,800 யூரோ என்று இத்தாலி நிர்ணயித்திருந்த தொகையை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020இல் ஆராய்ந்தது. முழு இழப்பையும் ஈடு செய்ய வேண்டியதில்லை என்றாலும், குற்றத்தின் கடுமையைக் கருத்தில் கொள்ளாத, வெளிப்படையாகவே போதாத ஒரு தொகையை நியாயமான இழப்பீடு என்று சொல்ல முடியாது என்று அது தீர்ப்பளித்தது.


மீண்டவள் எழுதியது:

இந்த இழையை மூன்று நாட்களாக வாசித்து வருகிறேன். விண்ணப்பித்துப் பெற்ற ஒருத்தி என்ற முறையில் எழுதுவது கடமை என்று பட்டது. ஊரையும் அலுவலகத்தையும் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

என்னைத் தாக்கியவர் எனக்குத் தெரிந்தவர். தாடை எலும்பு முறிந்தது. அச்சத்தால் மூன்று வாரங்கள் கழித்தே புகார் கொடுத்தேன். விண்ணப்பித்தபோது, தாமதமாகப் புகார் செய்தேன் என்ற காரணத்தைக் காட்டி முதலில் மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் பிரித்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நடந்ததை யாரும் நம்பவில்லை என்பதாகவே அதை வாசித்தேன். மறுபரிசீலனை கேட்கலாம் என்று கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் தோழிதான் காட்டினாள். தாமதத்துக்கான காரணத்தை மருத்துவரின் கடிதத்தோடு எழுதி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். முதல் விண்ணப்பத்திலிருந்து பணம் வரும் வரை இரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆயின. இடைக்கால உதவி என்ற ஒன்று இருந்ததும், தொடக்கத்திலேயே அதைக் கேட்டிருக்கலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பிக்குச் செலவு நெருக்கடி இருந்தால் முதல் நாளே அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

பணத்தைவிட நடைமுறைதான் அதிகம் வருத்தியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். காவல் நிலையத்தில் சொன்னதை மருத்துவரிடம் சொன்னேன், மருத்துவரிடம் சொன்னதைப் படிவத்தில் எழுதினேன், படிவத்தில் எழுதியதைத் தொலைபேசியில் மீண்டும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் உடல் அந்த இடத்துக்கே திரும்பிப் போனது. நான்காவது முறை சொல்லும் நிலை வந்தபோது, ஒரே ஒரு முறை நிதானமாக உட்கார்ந்து முழுவதையும் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பல நகல்கள் எடுத்து வைத்துக்கொண்டேன். அதன்பிறகு யார் கேட்டாலும் அந்தத் தாளைக் கொடுத்தேன். தம்பிக்கு நான் சொல்லக்கூடிய பயனுள்ள செய்தி இதுதான் என்று நினைக்கிறேன்: அவனுக்கு எழுதக் கை ஒத்துழைக்காவிட்டால் அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

காயத்தை விற்பது போல் இருக்கிறது என்று அவன் சொன்னதை நானும் அனுபவித்திருக்கிறேன். பணம் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகும் பல வாரங்கள் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு பல் சீரமைப்புக்கு ஒரு பகுதியும், வாடகை கட்டக் கடன் கொடுத்திருந்த சித்திக்கு ஒரு பகுதியும் கொடுத்தேன். சித்தியின் பணத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான், தாக்கியவர் என்னை மட்டும் காயப்படுத்தவில்லை, இரண்டு ஆண்டுகளாகச் சித்தியின் சேமிப்பையும் தின்றுகொண்டிருந்தார் என்று புரிந்தது. நான் விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால் அந்தச் செலவு இல்லாமல் போயிருக்காது. அதைச் சித்தி சுமந்திருப்பார், அவ்வளவுதான்.

தொகையோடு ஒரு கடிதம் வந்தது. நான் ஒரு வன்முறைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவள் என்று ஏற்கப்பட்டதாக அதில் ஒரு வரி இருந்தது. குற்ற வழக்கு சாட்சிக் குறைவால் தோற்றுப் போயிருந்ததால், எனக்கு நடந்தது உண்மை என்று அரசின் முத்திரையோடு சொன்ன ஒரே தாள் அதுதான். கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.


கரையோரம் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இழை முழுவதையும் தம்பியிடம் காட்டினேன். வரலாற்றுப் பகுதியில் அந்த 442 ஆண்டுக் கணக்கை அவனே ஒரு தாளில் இடக்கையால் போட்டுப் பார்த்தான். நெடுவழி அவர்கள் எழுதியதை வாசித்தபோது, தன் மனத்தில் இருந்ததைத்தான் அவரும் கேட்டிருக்கிறார் என்றான். வழக்கை மீண்டும் திறக்க முடியும் என்ற பதில் அவனுக்கு ஓரளவு ஆறுதல் தந்தது. மீண்டவள் அவர்கள் எழுதியதை வாசித்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, தன் மூன்றாவது அறுவை சிகிச்சைக்கு நான் எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டான். இதுவரை அவன் அதைக் கேட்டதே இல்லை.

காலக்கெடுவை விசாரித்துவிட்டேன்; இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. மருத்துவமனைப் பதிவுகளைக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அவன் பயிற்சி பெற்ற பட்டறையின் உரிமையாளர், அவன் வாங்கி வந்த கூலியைக் குறித்துக் கையெழுத்திட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நடத்தை பற்றிய கேள்விக்கான இரண்டு வரிகளை அவன் சொல்ல நான் எழுதியாகிவிட்டது. விண்ணப்பத்தை அனுப்பலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் படிவத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறான்.

இன்னும் ஒரு விவரம் வேண்டும். கையெழுத்து இட வேண்டிய இடத்தில் அவனால் பழையபடி கையெழுத்துப் போட முடியவில்லை. வங்கியில் உள்ள கையெழுத்தோடு பொருந்தாது என்று அஞ்சுகிறான். இதற்கு என்ன செய்வது?


வழக்குரை எழுதியது:

இது அடிக்கடி எழும் சிக்கல்தான், கவலைப்பட வேண்டாம். இப்போது அவர் எப்படிக் கையெழுத்திட முடிகிறதோ, இடக்கையால் என்றாலும் சரி, அப்படியே இடட்டும். காயத்தின் காரணமாகக் கையெழுத்து மாறியிருக்கிறது என்று சிகிச்சையளித்த மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி இணைத்துவிடுங்கள். அதன் நகல் ஒன்றை வங்கியிலும் கொடுத்துக் கையெழுத்துப் பதிவை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். தொகை வரும் நேரத்தில் அலைய வேண்டியிருக்காது. கை இழந்த திறனுக்கு அந்தச் சான்றே ஓர் ஆதாரமாகவும் அமையும் என்பதால், அதில் விரல்கள் எந்த அளவுக்கு மடங்குகின்றன என்பதையும் குறிப்பிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.